பேசுவதற்காக மலை ஏறியவர்கள்

மலை ஏறுகிறவர்களில் பல தினுசு உண்டு. சுவாமி தரிசனத்துக்காக ஏறுகிறவர்கள், காற்று வாங்க ஏறுகிறவர்கள், காணாமற்போன ஆட்டைத் தேடி ஏறுகிறவர்கள், இவர்களையெல்லாம் நான் அறிவேன். ஆனால் பேசுவதற்காக மலை ஏறுகிறவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள் என்பது, என் மருமான் ஒலக்கூருக்கு வந்து தங்கிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

மருமான் ஓர் அமெச்சூர் ரேடியோக்காரன். இந்த இனத்தாரை உலகம் 'ஹாம்' என்று அழைக்கிறது. சர்க்கார் பரீட்சையில் தேறி, உரிமமும் தமக்கென்று ஓர் அழைப்புக்குறியும் பெற்று, காசுக்காக அல்லாமல் ஆசைக்காக வானொலிக் கருவியில் ஒருவரோடொருவர் பேசுகிறவர்கள் இவர்கள்.

சென்ற மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவனுடைய பழைய ஜீப்பில் செஞ்சிக்குப் புறப்பட்டோம். திண்டிவனம் வழியாக நல்ல தார் ரோடு இருக்கிறது. அவனோ அதை விட்டு மாட்டுவண்டிப் பாதையில் இறங்கினான்.

"ரோடு இல்லாத இடத்தில் வண்டி போகுமா என்று இப்போதே பார்த்துவிட வேண்டும், மாமா. வெள்ளம் வந்த பிறகு பார்த்து என்ன பயன்?" என்றான்.

கேட்பதற்கு வேதாந்தம் மாதிரிதான் இருந்தது. சக்கரம் சேற்றில் புதைந்தபோது அந்த வேதாந்தத்தைப் பின்னாலிருந்து தள்ளியவன் அடியேன்.

செஞ்சியில் ராஜகிரி சுமார் 800 அடி உயரம். மூச்சு வாங்கிக்கொண்டு உச்சியை அடைந்தோம். மருமான் உள்ளங்கை அகலமுள்ள ஒரு கருவியை எடுத்தான். அதன் சக்தி 5 வாட். வீட்டில் எரிகிற சிறு விளக்கின் அளவுதான். சுமார் 35 கிலோமீட்டருக்கு அப்பால், ஒலக்கூர் வீட்டில் உரிமம் பெற்ற அவன் தம்பி காத்திருந்தான். "அண்ணா, சாப்பாட்டுக்கு வந்துவிடுவீர்களா என்று அத்தை கேட்கிறார்கள்" என்று அவன் குரல் பக்கத்து அறையிலிருந்து வருவதுபோல் கேட்டது!

இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள இந்த அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் செல்பவை, பூமியோ உருண்டை. சமதரையில் இரண்டு பேர் கையில் கருவியோடு நின்றால், பத்துக் கிலோமீட்டருக்குள் பூமியின் வளைவே குறுக்கே வந்துவிடும். மரமும் வீடும் அதற்கு முன்பே மறிக்கும். 800 அடி மேலே ஏறினால் அலையின் அடிவானம் அறுபது கிலோமீட்டருக்கு மேல் விலகிப் போகிறது. காசு கொடுத்து வாங்க முடியாத உயரத்தைக் கால் கொடுத்து வாங்குகிறோம், அவ்வளவே.

ஜீப்பின் வேலை வேறு. இன்னும் பெரிய கருவிக்கு வேண்டிய 12 வோல்ட் மின்சாரம் வண்டியின் பாட்டரியிலேயே இருக்கிறது. இரண்டு பனைமரங்களுக்கு நடுவே இருபது மீட்டர் கம்பியைக் கட்டி 7 மெகாஹெர்ட்ஸில் பேசினால், அலை வானத்து மின்மண்டலத்தில் பட்டுத் திரும்பிப் பல நூறு கிலோமீட்டர் எட்டும். இடையில் கோபுரம் வேண்டாம், கம்பெனியும் வேண்டாம்.

குன்றுக்கும் கம்பியில்லாத் தந்திக்கும் உள்ள உறவு பழையது. 1901 டிசம்பரில் மார்க்கோனி நியூபவுண்ட்லாந்தில் ஒரு குன்றின்மேல் காற்றாடியால் கம்பியை உயர்த்தி, அட்லாண்டிக்கைத் தாண்டி வந்த ஒலியைக் கேட்டார். சென்னையில் 1924-ஆம் ஆண்டிலேயே சி.வி. கிருஷ்ணசாமி செட்டியார் ரேடியோ கிளப் நிறுவி ஒலிபரப்பினார். 2002-இல் பிரிட்டனில் ஆரம்பமாகிப் பல தேசங்களுக்குப் பரவிய ஒரு விளையாட்டில், சிகரம் ஏறிப் பேசுகிறவர்களுக்கு மதிப்பெண் உண்டு. வண்டிக்குள் உட்கார்ந்து பேசினால் கணக்கில் சேராது. கருவியைச் சுமந்து நடக்க வேண்டும்.

"விளையாட்டுக்காகவா இத்தனை சிரமம்?" என்று வாசகர்கள் கேட்கலாம். நானும் கேட்டிருப்பேன், 2024 நவம்பர் 30-க்கு முன்னால். அன்றிரவு ஃபெஞ்சல் புயல் கரையேறியது. நமக்கு அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. எங்கள் வீட்டுக் கைப்பேசிகள் எல்லாம் ஊமையாயின. மயிலத்தில் இருக்கும் என் தமக்கை உயிரோடிருக்கிறாளா என்று அறிய இரண்டு நாள் ஆயிற்று. அந்த இரண்டு நாளை நான் மறக்கவில்லை.

2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்ற பெண்மணியும் அவருடைய சகாக்களும் அந்தமானிலிருந்து உலகத்து ஹாம்களோடு பேசி மகிழத்தான் போர்ட் பிளேருக்குக் கருவிகளுடன் போனார்கள். 26-ஆம் தேதி சுனாமி வந்தது. மற்றத் தொடர்புகள் அறுந்த வேளையில், விளையாட்டுக்காக வைத்த நிலையமே தீவுக்கும் தாய்நாட்டுக்கும் இடையே செய்தி சுமந்தது. முன்பே கருவியோடு பழகியிராவிட்டால், அன்று கைக்கு அது வசப்பட்டிருக்குமா?

ஒன்று மட்டும் சொல்லிவைக்கிறேன். உரிமம் இல்லாமல் பேசுவது குற்றம். வனத்துறை அனுமதி இல்லாமல் காட்டில் நுழைவதும் அப்படியே. ஏரிக்கரையையும் பயிரையும் சக்கரத்தால் நாசமாக்குவது வீரமல்ல. இவற்றை மதிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால், 'வெட்டிப் பொழுது' என்று கடிந்துகொள்ள வேண்டாம், பரீட்சைக்கு அனுப்புங்கள்.

இருபது வருஷமாகப் பிறருக்குப் பரீட்சை வைத்தவனாகிய நான் இப்போது மருமானிடம் பாடம் கேட்கிறேன். நேற்று வைத்த மாதிரித் தேர்வில் அவன் எனக்கு நூற்றுக்கு முப்பத்தெட்டு போட்டிருக்கிறான். என் பழைய மாணவர்கள் இதைப் படித்தால் சந்தோஷப்படுவார்கள்.