வாசல் வரை வந்தவரைத் திருப்பி அனுப்பலாமா?

திருவண்ணாமலையில் "விசா" என்ற சொல் தெரியாதவர்கள் குறைவு. ரமணாசிரமத்தின் பக்கம் வீடு வாடகைக்கு விடுகிறவர்களுக்கு அது தெரியும். விடுதி குமாஸ்தாவுக்குத் தெரியும். வெளிநாட்டார் ஒருவர் வந்து தங்கினால், 24 மணி நேரத்துக்குள் அதை சர்க்காருக்குத் தெரிவிக்க வேண்டும். பாஸ்போர்ட்டைப் பார்க்க வேண்டும். விசா என்றைக்கு முடிகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். ஆட்டோ ஓட்டுகிறவர்கூட, "அந்த அம்மாவுக்கு விசா முடிஞ்சு போச்சுங்க. அடுத்த வருஷம்தான் வருவாங்க" என்று சொல்லுவார்.

ஆனால் விசாவில் பல வகை உண்டு என்பது பலருக்குத் தெரியாது.

ஊர் சுற்றிப் பார்க்க வருகிறவருக்கு ஒரு விசா. வியாபாரத்துக்கு வேறு. படிப்புக்கு வேறு. வைத்தியத்துக்கு வேறு. அறிஞர்கள் கூடிப் பேசும் மாநாட்டுக்கு வருகிறவருக்கு இன்னொன்று. அதன் பெயரே மாநாட்டு விசா.

இது திருவண்ணாமலைக்காரர்களுக்குப் புரியாத விஷயம் அல்ல. கார்த்திகை தீபத்தன்று விடியற்காலையில் பரணி தீபம் பார்க்க ஒரு சீட்டு. மாலையில் மகா தீபம் பார்க்க வேறு சீட்டு. காலைச் சீட்டை மாலையில் காட்டினால் வாசலில் நிற்கும் போலீஸ்காரர் விடமாட்டார். "எனக்குக் கோயிலில் எல்லோரையும் தெரியும்" என்று சொன்னாலும் விடமாட்டார். விசாவும் அப்படித்தான்.

சுற்றுலா விசாவில் வந்த ஒருவர் மலையைச் சுற்றலாம். நண்பர் வீட்டுக்குப் போகலாம். சில நாள் யோகாசனம் கற்கலாம். குறுகிய காலத்தில் தமிழ் கற்றுக்கொள்ளக்கூட இடம் இருக்கிறது. ஆனால், அதே மனிதர் பக்கத்து ஊர்க் கல்லூரியில் நடக்கும் சர்வதேச மாநாட்டில் மேடை ஏறி ஆராய்ச்சிக் கட்டுரை படிக்கக் கூடாது.

"அரை மணி நேரம் பேசினால் குடியா முழுகிவிடும்?" என்று கேட்கலாம். சட்டம் நேரத்தைப் பார்ப்பதில்லை. எதற்காக வந்தார் என்பதைப் பார்க்கிறது. வெளிநாட்டார் பற்றிய பழைய சட்டங்கள் நான்கையும் நீக்கிவிட்டு, புதிய சட்டம் ஒன்று 2025 செப்டம்பர் 1 முதல் அமலுக்கு வந்திருக்கிறது. விசாவின் நிபந்தனையை மீறினால் 3 ஆண்டு வரை சிறை, அல்லது 3 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று அது சொல்கிறது.

கிரிவலப் பாதையில் ஒரு வெளிநாட்டுப் பேராசிரியரைப் பார்த்ததும், "ஐயா, நாளைக்கு எங்கள் கல்லூரி மாநாட்டுக்கு வாருங்கள்" என்று கூப்பிடத் தோன்றும். நல்ல எண்ணம்தான். ஆனால், மாலை போட்டு மரியாதை செய்வதாக நினைத்து அவரை வம்பில் மாட்டிவிடக் கூடாது. மறுபக்கம் பாருங்கள்: மாநாட்டு விசாவில் வந்தவர் மாநாடு முடிந்ததும் ஊர் சுற்றிப் பார்ப்பதற்குத் தடை இல்லை. சென்னையில் கட்டுரை படித்துவிட்டு அண்ணாமலையாரைத் தரிசிக்க வரலாம்.

அழைப்பு ஒருவர் கையில். அனுமதி வேறொருவர் கையில்!

மாநாட்டு விசா எப்படிக் கிடைக்கிறது? கல்லூரியோ பல்கலைக்கழகமோ அழைப்புக் கடிதம் அனுப்ப வேண்டும். அது போதாது. டெல்லியில் வெளிநாட்டு இலாகாவின் அனுமதி வேண்டும். சில கூட்டங்களுக்கு உள்நாட்டு இலாகாவும் சம்மதிக்க வேண்டும். எந்த நாட்டுக்காரர்கள் வருகிறார்கள், என்ன பேசப் போகிறார்கள் என்பதையெல்லாம் டெல்லி பார்க்கும். பிறகுதான் விசா. பல நாட்டுக்காரர்கள் இப்போது வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் மூலம் மனுச் செய்யலாம். அப்படிக் கிடைக்கும் மாநாட்டு விசா ஒரே ஒரு தடவை வருவதற்கு. 30 நாள் தங்கலாம்.

விசா கையில் இருந்தால் உள்ளே வந்துவிடலாம் என்பதும் சரி அல்ல. விமான நிலையத்தில் உட்கார்ந்திருக்கும் அதிகாரிக்குத்தான் கடைசி வார்த்தை. எல்லா நாட்டிலும் இப்படித்தான்.

இதில்தான் சிக்கல் பிறக்கிறது. கூப்பிட்டவர் வாசலில் பூச்செண்டோடு நிற்கிறார். வந்தவரோ உள்ளேயிருந்து வெளியே வர முடியவில்லை!

தமிழுக்கு நேர்ந்த அவமானம்

தமிழ் ஆராய்ச்சி, நாடு விட்டு நாடு போனவர்களால் வளர்ந்தது. தனிநாயகம் அடிகள் பிறந்தது இலங்கையில். பேராசிரியராக வேலை பார்த்தது மலாயாப் பல்கலைக்கழகத்தில். அவர் முன்னின்று உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றத்தைத் தொடங்கியதோ டெல்லியில்! 1964 ஜனவரியில், கீழ்த்திசை அறிஞர்களின் உலக மாநாட்டுக்குப் பல நாட்டாரும் வந்து கூடியிருந்தார்கள். அந்தச் சந்தர்ப்பத்தைப் பயன்படுத்திக்கொண்டார். எல்லோரும் வந்து சேர முடிந்ததால் அல்லவா அது நடந்தது?

முதல் உலகத் தமிழ் மாநாடு 1966இல் கோலாலம்பூரில் நடந்தது. இரண்டாவது 1968இல் சென்னையில். மெரினா கடற்கரையில் தமிழ்ப் பெரியோர்களின் சிலைகள் எழுந்தது அப்போதுதான். மூன்றாவது 1970இல் பாரிஸில்.

நான்காவது மாநாடு 1974 ஜனவரியில் யாழ்ப்பாணத்தில் நடந்தது. அதைக் கொழும்பில் நடத்த வேண்டும் என்பது இலங்கை சர்க்காரின் விருப்பம். யாழ்ப்பாணத்தில்தான் நடத்துவோம் என்று பேராசிரியர் வித்தியானந்தனும் மற்றவர்களும் உறுதியாக நின்றார்கள். தமிழ்நாட்டிலிருந்து போக விரும்பிய சிலருக்கு விசா கிடைக்கவில்லை. ஜனவரி 10ஆம் தேதி, கடைசி நாள் பொதுக்கூட்டத்தில் போலீஸார் புகுந்தார்கள். மின்சாரக் கம்பி அறுந்து விழுந்தது. 9 பேர் மாண்டார்கள். அந்தத் துயரத்தை ஈழத்தமிழர்கள் இன்னும் மறக்கவில்லை.

அது வேறு நாட்டில் நடந்தது. தஞ்சாவூரில் நடந்ததற்கு என்ன சொல்வது?

எட்டாவது உலகத் தமிழ் மாநாடு 1995 ஜனவரியில் தஞ்சையில் கூடியது. இலங்கையிலிருந்து தமிழ் அறிஞர்கள் வந்தார்கள். அவர்களில் ஒருவர் கார்த்திகேசு சிவத்தம்பி. பண்டைத் தமிழரின் நாடகத்தை ஆராய்ந்து, இங்கிலாந்தில் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பேராசிரியர். தமிழ்நாட்டு மாணவர்கள் அவருடைய புத்தகங்களைப் படித்துத்தான் பரீட்சை எழுதினார்கள். அவரை மாநாட்டில் கலந்துகொள்ள விடவில்லை. திருப்பி அனுப்பிவிட்டார்கள்!

இலை போட்டு உட்கார்ந்தவரைப் பந்தியிலிருந்து எழுப்புவதை எந்தக் கல்யாண வீட்டிலும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். தமிழ் மாநாட்டில் தமிழ்ப் பேராசிரியருக்கு அது நடந்தது.

2010 ஜூனில் கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தபோது சிவத்தம்பி வந்தார். பெருமையோடு வரவேற்றார்கள். அப்போது அவருக்கு வயது 78. மறு ஆண்டு ஜூலையில் காலமானார். இடையில் போன 15 ஆண்டுகளை யார் திருப்பித் தர முடியும்?

பின்னும் நிற்கவில்லை. 2018 ஜூலையில் டெல்லியில் ஆசிய ஆராய்ச்சியாளர்களின் பெரிய மாநாடு நடந்தது. பாகிஸ்தான் அறிஞர்களை அனுமதிப்பதில்லை என்று டெல்லி முடிவு செய்தது. 2022 மார்ச்சில் அறிஞர் பிலிப்போ ஒசெல்லா திருவனந்தபுரம் விமான நிலையத்தில் வந்து இறங்கினார். மலையாள நாட்டு மக்களின் வாழ்க்கையை 30 ஆண்டுகளுக்கு மேல் ஆராய்ந்தவர் அவர். கடலோர மக்களைப் பற்றிய மாநாட்டுக்கு வந்தார். கையில் விசா இருந்தது. ஊருக்குள் விடவில்லை. வந்த வழியே விமானத்தில் ஏற்றிவிட்டார்கள். காரணம் தமக்குச் சொல்லப்படவில்லை என்று அவர் கூறினார்.

சர்க்காரின் பக்கம் நியாயமே இல்லையா?

இருக்கிறது. யார் வரலாம், யார் வரக் கூடாது என்று தீர்மானிக்கும் உரிமை ஒவ்வொரு நாட்டுக்கும் உண்டு. 1991இல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பிறகு தமிழ்நாட்டில் எவ்வளவு பயம் இருந்தது என்பது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அதற்குப் பின் நாலு ஆண்டு ஆவதற்குள் தஞ்சை மாநாடு நடந்தது. அதிகாரிகள் கவலைப்பட்டதைக் குறை சொல்ல முடியாது. பேராசிரியர் என்று சொல்லிக்கொண்டு யார் வந்தாலும் கதவைத் திறந்துவிடு என்று யாரும் சொல்லவில்லை.

"வேண்டாம்" என்று சொல்வதானால், அவர் வீட்டில் இருக்கும்போதே சொல்ல வேண்டும். அதுதான் கேள்வி. விசாவையும் கொடுத்து, விமானத்தில் ஏறவும் விட்டு, வந்து இறங்கிய பிறகு "போ" என்பது என்ன முறை? ஏன் என்றும் சொல்லாமல் அனுப்பினால், அவர் ஊரில் போய் என்ன சொல்லுவார்? ஒரு நாளில் கெடும் பெயர் அது.

ஐரோப்பாவில் 29 நாடுகள் சேர்ந்து ஒரே விசா கொடுக்கின்றன. அவர்களும் மறுக்கிறார்கள், நிறைய மறுக்கிறார்கள். ஆனால், மறுத்தால் அதற்கென்று ஒரு படிவம் உண்டு. இன்ன காரணம் என்று அதில் குறித்துக் கொடுக்க வேண்டும். அப்பீல் செய்யவும் உரிமை உண்டு. பல சமயம் அந்தக் காரணம் ஒற்றை வரிதான். இருந்தாலும் அது எழுத்தில் இருக்கிறது. நம் நாட்டுக்கும் இது புதிது அல்ல. 1977இல் மேனகா காந்தியின் பாஸ்போர்ட்டைக் காரணம் சொல்லாமல் வாங்கினார்கள். சுப்ரீம் கோர்ட்டு 1978இல் என்ன சொல்லிற்று? ஒருவரின் பிரயாண உரிமையில் கை வைப்பதானால் முறை நியாயமாக இருக்க வேண்டும் என்றது. அது சொந்தக் குடிமக்களுக்குச் சொன்ன தீர்ப்பு. விருந்தாளிக்கும் அந்த மரியாதையில் பாதியாவது கொடுத்தால் என்ன?

இனி நம் பிள்ளைகள்

நம் பிள்ளைகளும் அடுத்தவர் வாசலில் நிற்கிறார்கள். திருவண்ணாமலை ஜில்லாவில் ஒரு விவசாயியின் மகள் ஆராய்ச்சி செய்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜெர்மனியில் மாநாடு. அவள் கட்டுரையை ஏற்றுக்கொண்டார்கள். வீட்டில் பாயசம் வைக்கிறார்கள். அப்புறம்தான் அலைச்சல் ஆரம்பிக்கிறது. கைரேகை கொடுக்கச் சென்னைக்குப் பஸ் ஏற வேண்டும். விசாக் கட்டணம் பொதுவாக 90 யூரோ. மறுத்துவிட்டால் அது திரும்பி வராது. 30 ஆயிரம் யூரோவுக்குக் குறையாமல் வைத்திய இன்ஷூரன்ஸ் எடுக்க வேண்டும். திரும்பி வரும் தேதிக்கு அப்பாலும் மூன்று மாதம் பாஸ்போர்ட் செல்ல வேண்டும். பாங்குக் கணக்கைக் காட்ட வேண்டும். மகள் திரும்பி வருவாள் என்று நம்பும்படி கல்லூரியிலிருந்து கடிதம் வேண்டும்.

அங்கே பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே மனுப் போடலாம். பதினைந்து நாளுக்குள் வந்து நின்றால் வாங்க மாட்டார்கள். நாள் இருக்கும்போதே போட்டுவிடுவது நல்லது. விசா கைக்கு வரும் முன் விமான டிக்கெட்டுக்குப் பணம் கட்டி நஷ்டப்படுவது வேண்டாம்.

அமெரிக்காவுக்கு என்றால் கட்டணம் 185 டாலர். நேரில் கேள்வி கேட்பார்கள். அதுவும் திரும்பாத பணம்.

இன்னொரு கண்ணியும் இருக்கிறது. "உங்கள் கட்டுரை தேர்ந்தெடுக்கப்பட்டது. பணம் கட்டினால் விசாவுக்குக் கடிதம் தருகிறோம்" என்று கடிதம் வரும். படிக்காமலே தேர்ந்தெடுத்திருப்பார்கள்! ஐதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட ஓமிக்ஸ் கம்பெனி, வருவதாக ஒப்புக்கொள்ளாத அறிஞர்களின் பெயரைப் போட்டு மாநாடுகளை விளம்பரம் செய்தது என்று அமெரிக்காவில் வழக்கு நடந்தது. 5 கோடி டாலருக்கு மேல் கட்டும்படி 2019இல் அங்குள்ள கோர்ட்டு தீர்ப்புச் சொல்லிற்று. வளையலை அடகு வைப்பதற்கு முன்னால், அந்த மாநாட்டுக்கு இதற்கு முன் யாராவது போய் வந்திருக்கிறார்களா என்று பேராசிரியரிடம் கேளுங்கள். அழைப்புக் கடிதம் வேறு, விசா வேறு.

கடைசியாக, மாநாடு நடத்தும் கல்லூரிகளுக்கும் ஒரு வார்த்தை. எல்லாப் பழியையும் டெல்லி மேல் போடுவது சரி அல்ல. வெளிநாட்டாரின் பட்டியலை மாநாட்டுக்கு இருபது நாள் இருக்கும்போது அனுப்பினால், அது எந்த மேஜையிலிருந்து எந்த மேஜைக்குப் போகும்? பந்தல்காரருக்கும் சமையல்காரருக்கும் ஆறு மாதம் முன்பே அட்வான்ஸ் கொடுக்கிறார்களே! அந்த வாரமே பட்டியலையும் டெல்லிக்கு அனுப்பலாம். டெல்லியும் மாநாட்டுக்கு ஒரு மாதம் முன்னால், இன்னார் வரலாம், இன்னார் வர வேண்டாம், காரணம் இது என்று எழுதிக் கொடுத்துவிடட்டும். "வேண்டாம்" என்று பதில் வந்தவர், கட்டுரையைத் தபாலில் அனுப்பிவிட்டுத் தம் ஊரில் நிம்மதியாக இருப்பார்.