கூடைப்பந்தும் குடியேறியோர் கல்லூரிகளும்

அமெரிக்க ஐக்கிய நாட்டில் மார்ச் மாதம் பிறந்துவிட்டால், கல்லூரி மாணவர்கள் ஆடும் கூடைப்பந்துப் பந்தயமே ஊரெங்கும் பேச்சாகிவிடும். 1939-ஆம் ஆண்டில் எட்டே குழுக்களுடன் தொடங்கிய அப்பந்தயத்தில் 1985-இல் 64 குழுக்களும், 2011-இல் 68 குழுக்களும் இடம்பெற்றன. ஒருமுறை தோற்றவர் அன்றே ஊர் திரும்ப வேண்டியதுதான். மறு வாய்ப்பு என்பது கிடையாது.

இப்பந்தயத்தின் வரலாற்றைப் புரட்டுவோர்க்கு ஒரு வியப்புக் காத்திருக்கிறது. மாநில அரசுகளின் பொருளுதவியால் வளர்ந்த மாபெரும் பல்கலைக் கழகங்களுக்கு நடுவே, கத்தோலிக்கத் துறவியர் நிறுவிய சிறிய கல்லூரிகளின் பெயர்களும் வெற்றிப் பட்டியலில் ஒளிவிடுகின்றன. 1947-இல் ஹோலி கிராஸ், 1954-இல் லா சால், 1955-இலும் 1956-இலும் ஸான் பிரான்ஸிஸ்கோ, 1963-இல் சிக்காகோ லயோலா, 1977-இல் மார்க்கெட், 1984-இல் ஜார்ஜ்டவுன், 1985-இலும் 2016-இலும் 2018-இலும் வில்லனோவா என அவ்வரிசை நீள்கிறது. இவற்றுள் பல, சென்னை லயோலாவையும் திருச்சி தூய வளனார் கல்லூரியையும் நடத்தும் அதே சேசு சபையார் தோற்றுவித்தவை.

இஃது எவ்வாறு நேர்ந்தது? விடை காண அக்கல்லூரிகளின் பிறப்பை நோக்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அயர்லாந்து, ஜெர்மனி, இத்தாலி, போலந்து முதலிய நாடுகளிலிருந்து பிழைப்புத் தேடிக் கப்பலேறியவர்களில் கத்தோலிக்கர் ஏராளம். புதிய மண் அவர்களை இன்முகத்துடன் வரவேற்கவில்லை. ‘ஐரிஷ்காரர் விண்ணப்பிக்க வேண்டாம்’ என்னும் வேலை விளம்பரங்கள் அக்காலப் பத்திரிகைகளில் வெளிவந்ததுண்டு. தம் மக்கள் சமயத்தையும் இழவாமல், கல்வியும் பெற வேண்டும் என்று விரும்பிய அவ்வுழைப்பாளிகள், காசு காசாகச் சேர்த்த பொருளைக் கொண்டு பள்ளிகளையும் கல்லூரிகளையும் தாங்கினர். மும்பையிலும் தில்லியிலும் நம்மவர் பள்ளிகள் தொடங்கிய வரலாற்றை அறிந்த நமக்கு, இதன் அருமை எடுத்துரைக்காமலே விளங்கும்.

இக்கல்லூரிகளில் பல நெருக்கடியான நகரங்களில் அமைந்தவை. அமெரிக்கக் கால்பந்துக்குப் பரந்த திடலும், எண்பதுக்கு மேற்பட்ட ஆட்டக்காரர்களும், பெருஞ்செலவும் தேவை. 1891-இல் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர் பீச் பழக் கூடைகளை மாட்டித் தொடங்கிவைத்த கூடைப்பந்துக்கோ ஒரு கூடமும் ஒரு பந்தும் போதும். களத்தில் நிற்போர் ஐவரே. ஆகவே, திறமையுள்ள இருவர் மூவர் கிடைத்தாலே ஒரு சிறிய கல்லூரி பெரியதை எதிர்த்து நிற்க இயலும். ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கேற்ற ஆட்டமாக அது வளர்ந்தது.

ஸான் பிரான்ஸிஸ்கோ கல்லூரியின் கதையைக் கேளுங்கள். 1955-இல் வாகை சூடியபோது அதற்கெனச் சொந்த ஆட்டக்கூடம் இல்லை. அருகிலிருந்த உயர்நிலைப் பள்ளியின் கூடத்தில்தான் பயிற்சி நடந்தது. பில் ரஸ்ஸல், கே. சி. ஜோன்ஸ், ஹால் பெர்ரி ஆகிய மூன்று கறுப்பின வீரர்கள் முதல் ஐவரில் இடம்பெற்றிருந்தனர். அந்நாளில் இது மிக அரிது. 1954 டிசம்பரில் ஓக்லஹோமா நகருக்கு ஆடச் சென்றபோது, அங்குள்ள ஓட்டல்கள் கறுப்பினத்தாருக்கு இடந்தர மறுத்தன. வெள்ளை இன வீரர்கள் தாம் மட்டும் ஓட்டலில் தங்க ஒப்பவில்லை. விடுமுறைக்காக மூடிக்கிடந்த கல்லூரி விடுதி ஒன்றில் குழுவினர் அனைவரும் ஒன்றாகவே தங்கினர். அக்குழுதான் தொடர்ந்து 60 ஆட்டங்களில் வென்று, அந்நாள்வரை எவரும் எட்டாத சாதனையை நிலைநாட்டியது.

1963-இல் லயோலாவின் முதல் ஐவரில் நால்வர் கறுப்பினத்தவர். அவர்களை எதிர்க்க வேண்டியிருந்தது மிஸிஸிப்பி மாநிலக் கல்லூரிக் குழு. வெள்ளையரும் கறுப்பரும் கலந்த குழுக்களுடன் ஆடலாகாது என்பது அம்மாநிலத்தில் எழுதப்படாத சட்டம். அதன் பொருட்டே முந்தைய ஆண்டுகளில் அக்கல்லூரி தேசியப் பந்தயத்தையே துறந்திருந்தது. இம்முறை நீதிமன்றத் தடை வந்து சேருமுன் அவர்கள் மாநில எல்லையைக் கடந்து மிஷிகன் சென்றனர். மார்ச் 15-ஆம் நாள் இரு குழுத் தலைவர்களும் களத்தின் நடுவே கைகுலுக்கினர். லயோலா 61–51 என வென்றது. பின்னர் இறுதி ஆட்டத்தில், 15 புள்ளிகள் பின்தங்கியிருந்தும், கூடுதல் நேரத்தில் ஸின்ஸினாட்டியை 60–58 என வீழ்த்தியது. முதல் ஐவரே இறுதிவரை மாற்றமின்றி ஆடினர் என்பது குறிப்பிடத்தக்கது.

பெண்களும் பின்தங்கவில்லை. பிலடெல்பியா அருகே கன்னியர் நடத்திய இம்மாக்குலாட்டா என்னும் சிறிய மகளிர் கல்லூரி, 1972-இல் தேசியப் பந்தயத்துக்குச் செல்ல வழிச்செலவுக்கே திண்டாடியது. மாணவியர் பல்துலக்கும் பிரஷ்களை விற்றுப் பணம் திரட்டினர். அப்படியும் எட்டுப் பேர்க்குத்தான் பயணச் செலவு தேறியது. வட்டாரப் போட்டியில் தங்களை 32 புள்ளி வித்தியாசத்தில் தோற்கடித்த வெஸ்ட் செஸ்டர் குழுவையே இறுதி ஆட்டத்தில் 52–48 என வென்று திரும்பினர். 1973-இலும் 1974-இலும் அவர்களே வெற்றி பெற்றனர். பார்வையாளர் வரிசையில் கன்னியாஸ்திரீகள் வாளிகளைத் தட்டி ஆரவாரம் செய்வது அக்குழுவின் அடையாளமாயிற்று.

இனி இன்றைய நிலைக்கு வருவோம். 2022-இல் ஜெர்ஸி நகரத்துச் சேசு சபைக் கல்லூரியான செயின்ட் பீட்டர்ஸ், தன் பிரிவின் தரவரிசையில் 15-ஆம் இடத்திலிருந்து கொண்டே புகழ்பெற்ற கென்டக்கியை வீழ்த்தி, இறுதி எட்டுக் குழுக்களுள் ஒன்றாயிற்று. அவ்வரிசையிலிருந்து அவ்வளவு தூரம் சென்ற குழு அதற்கு முன் இல்லை. ஆயினும் சில நாள்களுக்குள் பயிற்சியாளர் வேறொரு கல்லூரிக்குச் சென்றார். முக்கிய வீரர்கள் பலரும் பிரிந்து போயினர். 2021 முதல் மாணவ வீரர்கள் தம் பெயரையும் புகழையும் கொண்டு பொருளீட்டலாம். 2025 முதல் கல்லூரிகளே நேரடியாக ஊதியம் வழங்கலாம். முதல் ஆண்டுக்கு அதன் உச்சவரம்பு சுமார் இரண்டு கோடி டாலர்.

பல்லாண்டுகள் கல்லூரிகளும் தொலைக்காட்சி நிறுவனங்களும் வருவாய் குவிக்க, வியர்வை சிந்திய மாணவர்க்கு உபகாரச் சம்பளம் மட்டுமே கிட்டியது. ஆதலால் இவ்வூதியம் நியாயமன்று என எவரும் கூறவியலாது. ஆனால் அவ்வளவு பொருளுக்குச் சிறிய கல்லூரிகள் எங்கே போகும்? வளமுள்ள சில கத்தோலிக்கக் கல்லூரிகள் ஈடுகொடுக்கக்கூடும். ஏனையவை வளர்த்துவிடும் இளைஞரை மறு ஆண்டே பெரிய இடத்துக்குத் தாரை வார்க்கும் நாற்றங்கால்களாகிவிடுமோ என்னும் கவலை நியாயமானதே.

நேயர்களே! வந்தேறிகள் என்று இகழப்பட்டவர் தம் பிள்ளைகளுக்காக எழுப்பிய கூடங்கள், பிறகு அந்நாட்டில் தம்மினும் அதிகமாக ஒதுக்கப்பட்டிருந்தவர்க்கும் களம் அமைத்துத் தந்தன. வெற்றிக் கோப்பைகளைவிட அதுவே பெரிது. நம் சங்கங்களும் பிள்ளைகளுக்காகக் கூடமோ திடலோ அமைக்கும்போது, அடுத்த தெருப் பிள்ளைக்கும் அங்கு இடமுண்டா என்று ஒருமுறை எண்ணிப் பார்ப்பது நலம்.