அரை எச்.பி. ஆசையும் கடல்மீன் தொட்டியும்

கடல்மீன் தொட்டி வைப்பவர் கோயமுத்தூர்க்காரராக இருந்துவிட்டால் அந்த மீன்களுக்கு ஒரு கண்டம் உண்டு. பம்பு விஷயத்தில் அவர் யார் பேச்சையும் கேட்க மாட்டார். 1937-லேயே மோட்டார் செய்த ஊர் நம்முடையது. ஃபவுண்டரி, வைண்டிங், அசெம்பிளி என்று தெருவுக்கு நாலு பேராவது இருப்போம். "எதுக்கும் ஒரு சைஸ் பெருசாவே போடுங்க" என்பது நம் ரத்தத்தில் ஊறிய பேச்சு. ஆயிரம் அடி போருக்கு அது சரி. ஹாலில் இருக்கும் கண்ணாடித் தொட்டிக்குச் சரியில்லை என்பது என் கட்சி.

சரவணம்பட்டியில் வீடு கட்டியிருக்கும் என் தம்பி மகன் ஆறடிக்கு இரண்டடிக்கு இரண்டடி தொட்டி ஒன்று வைக்கிறான். "பெரியப்பா, நம்ம அரை எச்.பி. மோனோபிளாக்கையே கீழ வெச்சு ஓட்டிக்கலாமுங்களா?" என்று கேட்டான். பம்பு டெஸ்டிங்கில் முப்பது வருஷம் நின்றவன் என்பதால் என்னிடம் வந்தான். வேண்டாம் என்றேன். பேரன் பேத்திகள் கேட்கிறார்கள் என்று இந்த ஆசை இப்போது பல வீடுகளுக்கு வருவதால் காரணத்தை இங்கேயும் எழுதுகிறேன்.

அமைப்பு சுலபம்தான். பெரிய தொட்டியிலிருந்து நீர் வழிந்து, அடியில் அலமாரிக்குள் இருக்கும் சின்னத் தொட்டிக்கு இறங்கும். அதற்கும் சம்பு என்றே பெயர். அங்கே ஸ்கிம்மர் அழுக்கை எடுக்கும். பிறகு ரிட்டர்ன் பம்பு நீரை மேலே ஏற்றும்.

ஸ்கிம்மர் புரியாதவர்கள் கவுந்தப்பாடிப் பக்கம் வெல்லம் காய்ச்சுவதை நினைத்துக்கொள்ளுங்கள். கொப்பரையில் சாறு கொதிக்கும்போது அழுக்கு நுரையாகத் திரண்டு மேலே வரும், அள்ளிக் கொட்டுவார்கள். இங்கே நெருப்புக்குப் பதில் காற்று. பொடிப்பொடியான குமிழிகளை நீருக்குள் செலுத்தினால், மீன் கழிவிலும் மிச்சத் தீனியிலும் இருந்து கரைந்த புரதச் சத்துகள் குமிழியைப் பற்றிக்கொண்டு ஏறி, மேலே உள்ள கப்பில் பழுப்புச் சாறாக விழும். அழுகி அம்மோனியா ஆவதற்கு முன்பே வெளியேறிவிடுகிறது என்பதுதான் இதன் பெருமை. சிறுவாணித் தண்ணீரில் இந்த வித்தை பலிக்காது. நல்ல தண்ணீரில் குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகிவிடும். உப்பு இருந்தால்தான் பொடியாகவே நிற்கும்.

அதனால் பணத்தை முதலில் ஸ்கிம்மரில் போடுங்கள், பம்பு அப்புறம். நம் நாட்டில் இதற்குக் கூடுதல் காரணமும் இருக்கிறது. கல் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. வீட்டில் வைக்கக் கூடாது. ஆக, சட்டப்படி நடப்பவர் தொட்டியில் பெரும்பாலும் மீன்தான். மீன் என்றால் தீனி, தீனி என்றால் கழிவு. பெட்டியில் 'இத்தனை லிட்டர் வரை' என்று போட்டிருப்பது மீன் குறைவான தொட்டிக்கு. மீன் நெருக்கமாக இருந்தால் எவ்வளவு என்ற எண்ணைக் கேட்டு வாங்குங்கள். வாங்கிய முதல் ஒன்றிரண்டு வாரம் நுரை ஒழுங்காக வராது. அதற்காகக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம்.

இனி பம்பு. தொட்டி 24 கன அடி, அதாவது 680 லிட்டர். மணிக்கு மூன்று, நான்கு சுற்று வந்தால் போதும். 2,000 முதல் 2,700 லிட்டர். ஸ்கிம்மர் தன் சின்னப் பம்பால் சம்பிலிருந்து தானே நீரை இழுத்துக்கொள்கிறது. ரிட்டர்ன் பம்பு அதைத் தாண்டி எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் அழுக்கு கூடுதலாக வராது. மேலே தொட்டிக்குள் அலை வேண்டுமென்றால் அதற்குத் தனிச் சின்ன மின்விசிறி மாதிரி பம்பு இருக்கிறது.

அரை எச்.பி. மோனோபிளாக் 500 வாட் இழுக்கிறது என்று வையுங்கள். இது நிறுத்தவே கூடாத பம்பு. நாளுக்கு 12 யூனிட், இரண்டு மாத பில்லில் 720 யூனிட். அந்த வேலையை 50 வாட் பம்பு செய்யும். இரண்டு மாதத்துக்கு 72 யூனிட். கரண்ட் கணக்கை விடுங்கள், வார்ப்பிரும்பு உப்புத் தண்ணீரில் எத்தனை நாள் நிற்கும்? நம் மோனோபிளாக்கின் தரநிர்ணயத் தலைப்பிலேயே 'தெளிந்த, குளிர்ந்த நீருக்கு' என்றுதான் இருக்கிறது. கன்மெட்டல் பாகம் இருந்தால் செம்பு கரையும். இறால், நத்தை, நட்சத்திர மீன் எல்லாம் செத்துவிடும். பிளாஸ்டிக் உடல், செராமிக் ஷாஃப்ட் உள்ளதுதான் இதற்கு.

ஒன்று மட்டும் டெஸ்டிங்காரனாகச் சொல்கிறேன். இந்த இறக்குமதிப் பெட்டிகளில் அதிகபட்ச ஹெட் ஒன்று, அதிகபட்ச டிஸ்சார்ஜ் ஒன்று என்று இரண்டு எண் இருக்கும். இரண்டும் ஒரே சமயத்தில் கிடைக்காது. ஹெட் 3 மீட்டர் என்றால் அந்த உயரத்தில் ஒரு சொட்டு வராது. 4,000 லிட்டர் என்றால் குழாயே மாட்டாமல் வருவது. சம்பிலிருந்து ஐந்தடி ஏற வேண்டும், எல்போக்கள் சேர்த்து ஏழடி என்று வைத்துக்கொண்டு, வளைகோட்டில் அந்த இடத்தைப் பாருங்கள். வளைகோடு போடாத பம்பை நான் வாங்க மாட்டேன். நம் ஊரில் போர்வெல் பம்புக்கு அட்டவணை கேட்காமல் எந்த விவசாயியாவது வாங்குவாரா?

மின்வெட்டையும் யோசிக்க வேண்டும். 2012-இல் நாம் பட்டது மறக்காது. நீர் சுற்றாவிட்டால் அழுக்கைவிட ஆக்ஸிஜன்தான் முதலில் தீரும். ஆகவே பேட்டரியில் ஓடக்கூடிய 24 வோல்ட் டி.சி. பம்பு நல்லது. ஏற்கெனவே வீட்டில் யு.பி.எஸ். இருந்தால் ஸ்கிம்மரையும் அதில் சேர்த்துவிடலாம், அது காற்றையும் கலக்கிக்கொடுக்கும்.

கரண்ட் போனதும் ரிட்டர்ன் குழாய் வழியாக நீர் பின்னால் இறங்கும். "ஃபுட் வால்வு போட்டால் போச்சு" என்பார்கள் நம்மவர்கள். உப்புப் படிந்து அது ஒருநாள் மூடாது. இந்த அளவுத் தொட்டியில் ஓர் அங்குல நீர் என்றாலே 28 லிட்டர். குழாயின் வாயைத் தண்ணீர் மட்டத்துக்குச் சற்றே கீழே வைத்து, அதில் ஒரு சிறு துளை போட்டால் காற்று புகுந்து நின்றுவிடும். மண்டபத்தில் பொரித்த கோமாளி மீனோ வேறெதுவோ, வாங்கி வருவதற்கு முன் ஒருநாள் சுவிட்சை அணைத்துவிட்டு, சம்பில் நீர் எதுவரை ஏறி நிற்கிறது என்று பென்சிலால் கோடு போட்டு வையுங்கள். அந்தக் கோட்டுக்கு மேல் நாலு விரல் இடம் இல்லையென்றால் சம்பை மாற்றச் சொல்லியிருக்கிறேன் தம்பி மகனிடம்.