கைதிக் காலத்துச் சம்பளம்: மகாஜனங்களுக்கு ஒரு வேண்டுகோள்

சென்னை, 1947 அக்டோபர் 21

சிங்கப்பூரில் 1942 பிப்ரவரி 15ஆம் தேதி பிரிட்டிஷ் தளபதி சரணடைந்தார். ஆயுதத்தைக் கீழே வைக்க உத்தரவிட்டது எங்கள் மேலதிகாரிகள்தான். இரண்டு நாள் கழித்து ஃபாரர் பார்க் மைதானத்தில் இந்தியத் துருப்புகளை ஜப்பானியரிடம் ஒப்படைத்ததும் ஒரு பிரிட்டிஷ் அதிகாரியே. அன்றிலிருந்து நாங்கள் யுத்தக் கைதிகள். கைதியானவனின் சம்பளம் நிற்பதில்லை, கணக்கில் ஏறிக்கொண்டே போகும் என்பது பட்டாளத்து வழக்கம்.

எங்களில் சிலர் மோகன் சிங் தலைமை தாங்கிய காலத்தில் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தோம். பலர் 1943 ஜூலையில் நேதாஜி வந்த பிறகு சேர்ந்தோம். யுத்தம் முடிந்ததும் எங்களைப் பிடித்து விசாரித்து வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று மூன்று நிறமாகப் பிரித்தார்கள். கறுப்பில் விழுந்தவர்களுக்கு வேலை போயிற்று. கைதிக் காலத்துச் சம்பளமும் பறிமுதல். பத்துப் பதினைந்து வருஷம் உழைத்துப் பென்ஷனை எதிர்பார்த்திருந்த சுபேதார்களுக்கும் ஜமேதார்களுக்கும் அதுவும் இல்லை. யுத்தத்துக்கு முன்பே செய்த ஊழியத்துக்கு உரியதை எந்த நியாயத்தில் எடுத்துக்கொண்டார்கள்?

செங்கோட்டை வழக்கை நீங்கள் மறந்திருக்க முடியாது. பூலாபாய் தேசாய் வாதாடினார். பண்டித நேரு வக்கீல் கவுன் அணிந்து வந்து உட்கார்ந்தார். எங்கள் ராணுவத்து அதிகாரிகளான ஷா நவாஸ் கான், ஸஹ்கல், தில்லான் மூவருக்கும் விதித்த ஆயுள் தண்டனையை 1946 ஜனவரியில் தளபதி ஆச்சின்லெக் ரத்து செய்தார். தேசமே ஆரவாரம் செய்தது. அதே உத்தரவில் உத்தியோக நீக்கமும் சம்பளப் பாக்கிப் பறிமுதலும் அப்படியே நின்றதை யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. மாலை வாங்கிய கழுத்தோடு வீட்டுக்குப் போனவர்கள் மளிகைக்கடைக் கடனுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

ஆகஸ்டு 16ஆம் தேதி அதே செங்கோட்டையில் நம் கொடி ஏறிவிட்டது. அரசருக்கு விரோதமாக யுத்தம் செய்தார்கள் என்ற தீர்ப்பின் பணப் பகுதியை மட்டும் சுதந்திர சர்க்கார் ஏன் காப்பாற்றி வர வேண்டும்?

எங்கள் கோரிக்கைக்கு இணங்கினால் பட்டாளத்தில் கட்டுப்பாடு குலையும் என்கிறார்கள். பழைய பதவியைத் திருப்பிக் கொடுங்கள் என்பது இந்த வேண்டுகோளில் இல்லை. ஆகவே அந்தப் பயத்துக்கு இடமில்லை. எங்களோடு சேராமல் முகாம்களிலேயே இருந்து நியூகினி வரை கொண்டுபோகப்பட்டு வதைபட்ட தோழர்களுக்குச் சம்பளம் முழுதாகக் கிடைத்தது நியாயம். அதில் எங்களுக்குப் பொறாமையும் இல்லை.

மலாயாத் தோட்டங்களிலிருந்து வந்து துப்பாக்கி எடுத்த தமிழ்த் தொழிலாளிகளுக்குப் பாக்கி என்று கேட்கக்கூட ஒரு கணக்கு கிடையாது. அவர்கள் கஷ்டம் எங்களுடையதைவிடப் பெரியது. அதைத் தனியே எழுதுவோம்.

நாங்கள் கேட்பது இவ்வளவுதான்: டிஸ்மிஸ் உத்தரவு ரத்தாக வேண்டும். கைதிக் காலத்துச் சம்பளமும் படியும் கணக்குப் பார்த்துக் கொடுக்கப்பட வேண்டும். பழைய சர்வீஸ் பென்ஷனுக்குச் சேர வேண்டும். இறந்துபோனவர்களின் பங்கு அவர்கள் மனைவி மக்களைச் சேர வேண்டும்.

வழக்கு நடந்த நாட்களில் தெருவில் ஊர்வலம் போனீர்கள், கடை அடைத்தீர்கள், நிதி கொடுத்தீர்கள். இப்போது உங்களிடம் காசு கேட்கவில்லை. உங்கள் ஜில்லாவின் சட்டசபை அங்கத்தினரைப் பார்த்து இதைச் சொல்லுங்கள். புது டில்லியில் பாதுகாப்பு மந்திரி சர்தார் பல்தேவ் சிங்குக்கு ஒரு கடிதமோ தந்தியோ அனுப்புங்கள்.

ஜெய்ஹிந்த்.

இந்திய தேசிய ராணுவத்தின் முன்னாள் அதிகாரிகள்