புதிய துண்டு

கண்டி நகர வீதிகளிலே நடப்பவரின் கண்ணை இன்று முதலில் இழுப்பவை புத்தகசாலைகள் அல்ல. வெளிநாட்டுக் கல்விக்கு வழிகாட்டுவதாகக் கூறும் முகவர் நிலையங்களின் பெயர்ப்பலகைகளே. உயர்தரப் பரீட்சை எழுதிய கையோடு நம் மாணவர் அப்படிகளில் ஏறுகின்றனர்.

இதனைக் கண்டு நம் மேடைகளில் ஒரு பிரசங்கம் எழுந்திருக்கிறது. இலவசக் கல்வியை உண்டு வளர்ந்தவர்கள் நன்றி மறந்து ஓடுகிறார்களாம்! இப்படிப் பேசுவோரிடம் நாம் ஒன்று கேட்கிறோம். 1945இல் இலவசக் கல்வி வந்தது. 1952இல் பல்கலைக்கழகம் பேராதனைக்குக் குடிபெயர்ந்தது. ஆயினும் இன்று பல்கலைக்கழகத் தகுதி பெறும் மாணவருள் அரச பல்கலைக்கழகங்களில் இடம் பெறுவோர் மூன்றிலொரு பங்கினர்கூட இல்லை. பூட்டிய கதவின் முன் நின்றவன் வேறொரு கதவைத் தட்டினால் அவனையா துரோகி என்பது? கதவைப் பூட்டியவன் யார் என்றல்லவா கேட்க வேண்டும்!

அந்த வேறு கதவுதான் எல்லார்க்கும் திறக்கிறதா? கலஹாப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் தாயின் மகள், நம் பழைய மாணவி, தன் காகிதங்களை ஒரு பையிலிட்டுக்கொண்டு நம்மிடம் வந்தாள். பிறப்புச் சான்றிதழில் தந்தையின் பெயர் ஒரு விதம். அவரது அடையாள அட்டையில் வேறு விதம். அவளுடைய பாடசாலைப் பதிவிலோ மூன்றாவது விதம். ஆங்கிலப் பரீட்சையில் அவள் நன்றாகத் தேறியிருந்தாள். தேறாதது வங்கிக் கணக்கு ஒன்றே.

கணக்கைப் பாருங்கள். மாணவர் விசாக் கோருபவர் ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்கு 29,710 டொலர் காட்ட வேண்டும் என்று அவுஸ்திரேலிய அரசு 2024 மே மாதத்தில் நிர்ணயித்தது. டொலருக்கு 200 ரூபா என்று கொண்டால் அது 59 இலட்சத்து 42 ஆயிரம் ரூபா. அதே ஆண்டு செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயமாயிற்று. அச்சம்பளத்தில் ஒரு சதமும் செலவழியாமற் சேர்த்தால், அத்தாய் 4,402 நாள் மலையேற வேண்டும். ஆண்டுக்கு 300 நாள் வேலை என்றாலும் பதினான்கரை ஆண்டுகளுக்கும் மேல்! பாடக் கட்டணமும் பயணச் செலவும் இதற்குப் புறம்பு.

"கவலை வேண்டாம்" என்றாராம் முகவர். பிரித்தானியாவுக்காயின் பணம் தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருந்தாற் போதும். அந்நாட்களுக்கு மட்டும் பணம் போட்டுத் தருவோர் உண்டு. வட்டியைக் கொடுத்தால் காரியம் முடியும் என்பது அவர் காட்டிய வழி. ஏமாற்று என்று நிரூபணமானால் அந்நாட்டுக்குள் நுழையப் பத்தாண்டுத் தடை வரலாம் என்பதை அவர் சொல்லவில்லை.

இந்த மலைகளுக்குக் காகிதம் புதிதன்று. அந்நாளில் கங்காணியும் அவன் கூட்டமும் ஒரு தோட்டம் விட்டு மறுதோட்டம் போக வேண்டுமாயின் 'துண்டு' வேண்டும். இவ்வளவு கடனைத் தீர்த்தால் இவர்களை விடுவிப்போம் என்று துரை எழுதித் தரும் சீட்டு அது. மனிதன் நகர்ந்தான், அவனோடு கடனும் நகர்ந்தது. 1921இல் சட்டம் துண்டை ஒழித்தது. 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்து, தகப்பன் இங்கே பிறந்தானா, இல்லையேல் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தார்களா, சான்று காட்டு என்றது. லயத்தில் பிறந்தவனிடம் சான்று ஏது? 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரையில் நாடற்றோர் இம்மண்ணில் இருந்தனர்.

இன்றைய வங்கிச் சான்று புதிய துண்டு என்கிறோம். நகையை அடகு வைத்து, வட்டிக்கு வாங்கிப் பெற்ற அக்காகிதம் சொல்வது செல்வத்தை அன்று, கடனை. மாணவன் விமானமேறுகிறான், கடனும் உடன் ஏறுகிறது. அங்கோ, பாடம் நடக்கும் காலத்தில் இரு வாரத்துக்கு 48 மணி நேரமே வேலை செய்யலாம் என்பது அவுஸ்திரேலிய விதி. படிப்பதா, வட்டி கட்டுவதா?

முகவரின் வழியை விடு என்று அம்மாணவிக்குச் சொன்னோம். வேறு வழி காட்டினோமா? இல்லை. அந்த வெட்கமே இதனை எழுதுவிக்கிறது.

ஆசிரிய நண்பர்களே! போகாதே என்று உபதேசிப்பதும், போ என்று கைகழுவுவதும் நம் தொழிலல்ல. பெயர்ப் பிழைகளைப் பத்தாம் வகுப்பிலேயே கண்டறிந்து திருத்துவிப்போம். முழுச் செலவையும் ஏற்கும் புலமைப்பரிசில்களின் விபரம் நகரத்துக் கல்லூரிகளோடு நின்றுவிடாமல் தோட்டப் பாடசாலைச் சுவரிலும் தொங்கட்டும். வாடகைப் பணத்தின் ஆபத்தைப் பெற்றோர்க்கு விளக்குவோம். எல்லாவற்றுக்கும் மேலாக, தகுதி பெற்றவர்க்கு இந்நாட்டிலேயே இடம் கொடு என்ற கோரிக்கையை ஓயாது எழுப்புவோம். போவதும் இருப்பதும் அம்மாணவியின் விருப்பமாகட்டும். வட்டிக்காரனின் தீர்ப்பாக வேண்டாம்.