வரப்பில் உதிரும் பனம்பழம்

தஞ்சைத் தரணியில் நுங்கை வெறுப்பவர் இலர். சித்திரை வெயிலில் கும்பகோணம் கடைத்தெருவில் ஓலையில் வைத்து நீட்டப்படும் நுங்கிற்குப் பேரம் பேசுவோரும் குறைவு. அதே காய் மரத்திலேயே கனிந்து, ஆடி ஆவணியில் வரப்பில் வீழுமாயின் குனிந்து எடுப்பார் இல்லை. சென்ற ஆவணியில் திருப்பனந்தாள் பக்கம் ஒரு சங்கத்தின் தணிக்கைக்குச் சென்றபோது, வாய்க்கால் கரை நெடுகப் பழங்கள் அழுகி ஈ மொய்க்கக் கண்டேன். பனையைத் தலமரமாகக் கொண்ட ஊருக்கு அருகே இக்காட்சி! சங்கத் தலைவரிடம் வினவினேன். "இப்போது இதை யார் சார் தின்கிறார்கள்? மாடு தின்னும்" என்றார். அவருடைய தாயார் உள்ளிருந்து, "நாங்கள் தின்றுதானே வளர்ந்தோம்" என்றார். அதற்குத் தலைவர் மறுமொழி கூறவில்லை.

நுங்கு பெரும்பாலும் நீரே. தாகம் தீர்க்கும், வேர்க்குருவுக்கு அதன் நீரைத் தடவுவதும் நம் வீடுகளில் வழக்கம். ஆயின் ஊட்டத்தை நோக்குங்கால் பழமே மேலானது. அதன் மஞ்சள் நிறத்திற்குக் காரணம் கரோட்டின் இனப் பொருள்கள். அவற்றுட் சில நம் உடலில் வைட்டமின் 'ஏ' ஆக மாறுகின்றன. நாம் முப்பொழுதும் உண்ணும் வெள்ளரிசியில் அச்சத்து இல்லை. அது குறைந்தால் குழந்தைகளுக்கு மாலைக்கண் வரும். அதனைத் தடுக்கவே 1970 முதல் அரசாங்கம் குழந்தைகளுக்கு வைட்டமின் 'ஏ' திரவம் வழங்கி வருகிறது. பழச்சாற்றைச் சிறிது நெய்யோ எண்ணெயோ சேர்த்து உண்பது நலம். கொழுப்புடன் சேர்ந்தாலன்றிக் கரோட்டின் உடலில் நன்கு ஒட்டாது. கடும் வெயிலில் நெடுநாள் காயவைத்தால் அதில் ஒரு பகுதி அழியும். பனம்பண்டங்கள் நீரிழிவைத் தீர்க்கும் என்று கூவி விற்பாரும் உளர். அதை நம்பி மருந்தை நிறுத்துவோர் ஆபத்தைத் தேடிக்கொள்வர்.

சில மரத்துப் பழம் கசக்கும் என்பது உண்மையே. பழத்திலுள்ள பிளாபெல்லிபெரின் என்னும் பொருளே கசப்பிற்குக் காரணமென இலங்கை ஆய்வாளர் கண்டுள்ளனர். எம்மரம் இனிக்கும், எம்மரம் கசக்கும் என்பதை ஊர்ச் சிறுவர் நன்கறிவர். யாழ்ப்பாணத்தார் சாற்றைப் பிழிந்து பாயில் ஊற்றிக் காயவைத்துப் பனாட்டு ஆக்குகின்றனர். மாவுடன் பிசைந்து பணியாரம் சுடுகின்றனர். அங்கே 1978ஆம் ஆண்டிலேயே பனை அபிவிருத்திச் சபை ஏற்பட்டது.

இங்கோ மரமே செங்கற் சூளைக்குப் போகிறது. 2018 நவம்பரில் கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தென்னைகளை இலட்சக்கணக்கில் சாய்த்தபோது நிமிர்ந்து நின்றது பனை. 2021 ஆகஸ்டில் வந்த வேளாண் நிதிநிலை அறிக்கை, பனையை வெட்டக் கலெக்டரின் அனுமதி வேண்டும் என்றது. 76 இலட்சம் பனை விதைகள் வழங்கவும் திட்டமிட்டது. நன்று. எனினும் வருமானம் தராத மரத்தை உடையவன் எத்தனை நாள் காப்பான்? பதநீருக்கும் நுங்கிற்கும் மரமேறுவோர் வேண்டும். அவர்கள் அருகி வருகின்றனர். பழமோ தானே விழும். ஏறத் தெரியாத பெண்களும் நெசவாளர் வீட்டு முதியோரும் கூடைகொண்டு பொறுக்கலாம். சாறு எடுத்த கொட்டையைப் புரட்டாசியில் மண்ணிற் புதைத்தால் பொங்கலுக்குக் கிழங்கு. அதற்குச் சந்தை ஏற்கெனவே உண்டு.

பனைவெல்லத்திற்குச் சங்கங்கள் உள்ளன. பனம்பழக் கொள்முதல் என்றொரு கணக்கை நான் தணிக்கை செய்த எந்தப் பேரேட்டிலும் கண்டதில்லை. வரும் ஆனி மாத நிர்வாகக் குழுக் கூட்டத்தில், ஊருக்கு நூறு பழம் வாங்கிப் பார்ப்பதென்று ஒரு சங்கமேனும் தீர்மானிக்கட்டும். பதிவேட்டில் அதனை எத்தலைப்பில் எழுதுவது என்பதை நேரில் வந்து காட்ட யான் சித்தமாயிருக்கிறேன்.