தமிழில் ஒலிக்காத கைபேசி

2030இல் டிஜிட்டல் பொருளாதாரம் 1,500 கோடி டொலரை எட்டும் என்கிறது இலங்கை அரசாங்கம். அரசுக் கட்டணங்களை இணையத்தில் செலுத்த கவ்பே வந்துவிட்டது. 2025 ஜூலையில் ஸ்டார்லிங்க் செய்மதி இணையமும் வந்தது. அதே ஆண்டு நவம்பரில் டித்வா புயல் 600க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. தமிழில் எச்சரிக்கை பிந்தியும் குறைந்துமே வந்ததென்று தமிழ் பேசும் மக்கள் முறையிட்டார்கள். எது முன்னேற்றம் என்று யாராவது விளக்கட்டும்.

சுனாமியில் இலங்கையிலேயே அதிக உயிர்களைப் பறிகொடுத்த மாவட்டம் அம்பாறை. அதே மாவட்டத்தில், 2024 நவம்பர் 26ஆம் திகதி மாவடிப்பள்ளி வெள்ளத்தில் உழவு இயந்திரத்தோடு மத்ரஸா மாணவர்கள் அடித்துச் செல்லப்பட்டு 6 பிள்ளைகள் மௌத்தானார்கள். வீதிக்கு மேலால் பாயும் நீரைப் பற்றி அங்கு நின்ற எவருடைய கைபேசியும் எச்சரித்ததாகத் தெரியவில்லை.

பங்களாதேஷைப் பாருங்கள். 1970 சூறாவளியில் அங்கு 3 இலட்சத்துக்கும் அதிகமானோர் மாண்டார்கள். 2020இல் அம்பன் வந்தபோது 20 இலட்சத்துக்கும் மேற்பட்டோரை முன்கூட்டியே அப்புறப்படுத்தினார்கள். இறப்பு சில பத்துகளோடு நின்றது. நம்மைவிடச் செல்வந்த நாடல்ல அது. கொடி, மெகாபோன், பள்ளிவாசல் ஒலிபெருக்கி, 70,000க்கும் மேற்பட்ட தொண்டர்கள். எல்லாம் மக்களின் சொந்த மொழியில். கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரை நம்மிடம் இல்லாத பள்ளிவாசலா?

கைபேசிக் கோபுரத்திலிருந்து சில நொடிகளில் அப்பகுதிக் கைபேசிகள் அனைத்துக்கும் எச்சரிக்கை அனுப்பும் தொழில்நுட்பம் பழையது. குறுஞ்செய்திபோல் வரிசையில் காத்திராது. யாருடைய இலக்கமும் தேவையில்லை. இந்தியா 2023இல் அதைப் பரிசோதித்தது.

மொழிபெயர்ப்பாளர் பற்றாக்குறை என்பார்கள். வெட்கம்கெட்ட சாக்கு! வெள்ளம், மண்சரிவு, கடற்கொந்தளிப்பு, வெளியேறுங்கள் என்று எச்சரிக்கைக்குத் தேவைப்படுவன சில பத்து வாக்கியங்கள்தான். ஒரே கிழமையில் தமிழாக்கி வைத்துவிட்டு, ஊர்ப் பெயரையும் நேரத்தையும் மட்டும் மாற்றினால் போதும். ஒலுவிலில் ஒரு பல்கலைக்கழகமே இருக்கிறது. அங்கு கேட்டாலே செய்து தருவார்கள். 1987இலிருந்து தமிழும் அரச கரும மொழி. செய்யாதிருப்பவர்களுக்கு இயலாமை கிடையாது, அக்கறைதான் கிடையாது.

எனவே அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் அரசாங்கத்தின் டிஜிட்டல் அடையாள அட்டைத் திட்டத்துக்கு ஒரு சதமும் ஒதுக்கக் கூடாது. மருதமுனைக் கரைவலைக்காரரின் கைபேசியில் தமிழ் எச்சரிக்கை ஒலிக்கும்வரை அந்தப் பணம் முழுவதும் அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கே போக வேண்டும்.